உங்கள் அடையாள அட்டை இப்போது எங்கே?

பிறருடைய வேலையைப் போய்ப் பார்த்து எழுதுவதும் ஒரு வேலைதான் என்று ஒத்துக்கொள்ள எங்கள் வீட்டில் இன்னும் ஒருவரும் தயாராக இல்லை. கையில் படிவத்தோடு முன்பின் தெரியாதவர்களிடம் கேள்வி கேட்டுத் திரிந்தவர்கள் உங்களிலும் பலர் இருப்பீர்கள். குடிசன மதிப்பீடு, காப்புறுதி, கடன் விசாரணை, ஏதோ ஒன்று. "இதால எங்களுக்கு என்ன வரும்?" என்று எதிரில் இருப்பவர் கேட்க, பேனை மூடியைக் கழற்றிக் கழற்றிப் பூட்டியிருப்பீர்கள். உங்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை.

என் படிவம் கட்டாய வேலை பற்றியது. நண்டு இறைச்சியும் இறாலும் வாங்கும் வெளிநாட்டுக் கொம்பனிகள், அந்தப் பொருள் அடிமைப்பட்டவர்களின் கை பட்டு வரவில்லை என்று எழுத்தில் கேட்கின்றன. அப்படி எழுதிக் கொடுக்கும் கொழும்பு நிறுவனம் ஒன்றுக்கு நான் திருகோணமலையில் வேலை செய்கிறேன். துறைமுகத்தைச் சுற்றி, ஏற்றுமதிப் பட்டியலில் பெயருள்ள ஆலைகளுக்குப் போவேன். தொழிலாளரைத் தனித்தனியாக இருத்திக் கேட்பேன். எழுதுவேன்.

அப்பாவுக்கு விளக்கியது

அப்பா துறைமுகத்துக்கு வரும் லொறிகளில் மூட்டை ஏற்றி இறக்கும் நாட்டாமை. எங்கள் குடும்பத்தில் முதலில் பல்கலைக்கழகம் போனவள் நான். அன்புவழிபுரத்தில் எங்கள் ஒழுங்கைக்கும் நான்தான் முதல் என்று அம்மா சொல்லிக்கொள்வா. நான் அதைச் சரிபார்க்கவில்லை. வேலைக் கடிதம் வந்த அன்று அப்பா கால் கழுவிவிட்டு வந்து கதிரையில் இருந்து, "வாசி" என்றார். "பொறுப்பான கொள்முதல்", "விநியோகச் சங்கிலி" என்று வந்த இடங்களிலெல்லாம் தலையாட்டினார்.

விளங்கவில்லை என்று சொல்ல அவருக்கு வெட்கம். "அப்ப நீ பொலிசில சேர்ந்த மாதிரியோ?" என்றார். இல்லை என்றேன். "லேபர் ஒஃபீசோ?" அதுவும் இல்லை. ஒருவரையும் பிடிக்கவோ தண்டிக்கவோ எங்களுக்கு அதிகாரம் கிடையாது, கேட்டு எழுதுவது மட்டும்தான் என்றேன். அப்பா கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்து இரண்டு கையாலும் திருப்பித் தந்தார். "ஒருத்தரும் பயப்பிடத் தேவையில்லாத ஆளுக்கு ஆர் பிள்ளை உண்மை சொல்லப்போகினம்?"

முதல் கண்டுபிடிப்பு

எங்கள் படிவம் ஆங்கிலத்தில் பிறந்து கொழும்பில் தமிழானது. முதல் நாள், ஓர் இறால் ஆலையில், கதவு சாத்திய சிறிய அறையில், மூதூரிலிருந்து வரும் ஒரு பெண் என் முன்னால் இருந்தா. ஐஸ் தண்ணீரில் ஊறி விரல் நுனிகள் வெளிறியிருந்தன. "தாங்கள் தங்கள் விருப்பத்துக்கு மாறாக எவரேனும் ஒருவரால் தொழில் புரியுமாறு நிர்ப்பந்திக்கப்படுகின்றீர்களா?" என்று வாசித்தேன். "திருப்பிச் சொல்லுங்க" என்றா. சொன்னேன். பிறகு படிவத்தைக் கீழே வைத்துவிட்டு, "உங்களை ஆராவது கட்டாயப்படுத்தி வேலை செய்ய வைக்கினமோ?" என்று கேட்டேன்.

"ஓம் மிஸ். கட்டாயம்தான்" என்றா, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். கீழே வைத்த படிவத்தைத் திரும்பக் கையில் எடுத்தேன். முதல் நாள், முதல் ஆள். குரலைத் தாழ்த்தி, யார் என்று கேட்டேன். அவவும் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினா. "வீட்டுல சும்மா இரிக்கிற மனுசனும் மூணு புள்ளையளும்தான், மிஸ். பேரைச் சொல்றன், எழுதிக்கங்க."

விடுபட்டது

சில ஆலைகளில் நாங்கள் வருவதற்கு முதல் நாளே தொழிலாளருக்குப் பதில்களைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அது எங்களுக்கும் தெரியும், தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். எங்கள் மூத்த பரிசோதகர் தயாளன் சேர் கொழும்பிலிருந்து வருபவர். இந்த வேலையில் தலை நரைத்தவர். ஒத்திகை பார்த்த பதிலைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொன்னார்: கேள்விகளை ஒழுங்கு மாற்றிக் கேட்க வேண்டும்.

அப்படியே செய்தேன். இருபது வயதுகூட இராத ஒரு பெண் பிள்ளை. சாப்பாடு எப்படி என்று கேட்டால், "எட்டு மணித்தியாலம்" என்றா. மேற்பார்வையாளர் ஏசுவாரா என்று கேட்டால், "கிழமைக்கு ஒரு நாள் லீவு" என்றா. நான் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் முடித்து, நன்றி சொல்லிப் படிவத்தை மூடினேன். அவ எழும்பவில்லை. கவலையோடு என் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா. "மிஸ், நெருப்புப் பிடிச்சா எந்த வழியால ஓடுறதெண்டு நீங்கள் கேக்கேல்லை. அதையும் பாடமாக்கினனான்."

வாசலில் கொடுத்தது

எங்கள் மாவட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வாசலில் சீருடையோடு ஒருவர் நின்றால், அவர் கேட்பதற்கு முன்பே கை பைக்குள் போய் அடையாள அட்டையை எடுத்துவிடும். துறைமுக வாசல், முகாம் வாசல், அலுவலக வாசல் எல்லாவற்றுக்கும் அதுதான். சண்டைக் காலத்தில் பெரியவர்கள் பயந்து பழகியதை, பிறகு வளர்ந்த நாங்கள் பயமில்லாமல் பழகியிருக்கிறோம். அடையாள அட்டையை ஐசி என்று சுருக்கமாகச் சொல்வோம்.

நண்டு ஆலைக்கு முதல் தடவை போனபோதும் கேட்கும் முன்பே நீட்டினேன். காவலாளி அதை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு, கழுத்தில் மாட்ட 'விருந்தினர்' என்று எழுதிய அட்டை ஒன்று தந்தார். உள்ளே போய், "உங்கள் அடையாள ஆவணத்தை வேறு எவராவது வைத்திருக்கிறார்களா?" என்று பதினொரு பேரிடம் கேட்டேன். பதினொரு பேரும் இல்லை என்றார்கள். பதினொரு 'இல்லை' எழுதினேன்.

திரும்பும்போது வான் பிரதான வீதிக்கு ஏறிய பிறகு நஸீர் நானா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அவர் எங்கள் வான் சாரதி, கிண்ணியாக்காரர். "தங்கச்சி, கழுத்துல என்ன?" என்றார். விருந்தினர் அட்டை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. வானைத் திருப்பிக்கொண்டே சொன்னார்: "உங்கட ஐசி இன்னொருத்தன்ட லாச்சிக்குள்ள கிடக்கிறது உங்களுக்கே தெரியல்ல. அந்தப் புள்ளையளுட்ட மட்டும் என்னத்தக் கேட்டீங்க?"

ஒரே அளவில் வெட்டியவை

அடுத்த நாள் கேள்வியை மாற்றினேன். படிவத்தை மாற்ற எனக்கு அனுமதி இல்லை, அதனால் தயாளன் சேரிடம் கேட்டு, படிவக் கேள்விக்குப் பிறகு ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன்: "உங்கள் அடையாள அட்டை இப்போது எங்கே? காட்ட ஏலுமா?" நகரத்திலிருந்து வரும் பெண்கள் உடனே காட்டினார்கள். தொலைபேசி உறைக்குள்ளிருந்து ஒன்று வந்தது, சோற்றுப் பைக்குள்ளிருந்து ஒன்று வந்தது.

ஆலை விடுதியில் தங்கியிருக்கும் மலையகப் பெண்கள் எட்டுப் பேர். அவர்களை முகவர் ஒருவர் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கூட்டி வந்திருந்தார். அவர்களும் எடுத்தார்கள். ஆனால் வந்தவை பிளாஸ்டிக் உறையிட்ட போட்டோக் கொப்பிகள். எல்லாம் ஒரே அளவில் வெட்டப்பட்டவை. கொப்பி எடுத்த இயந்திரத்தின் கண்ணாடியில் கீறல் இருந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முகத்துக்கும் குறுக்கே ஒரே கோடு ஓடியது. உண்மையான அட்டை எங்கே என்று கேட்டேன். பத்திரமாக இருக்கிறது என்றார்கள். எங்கே பத்திரமாக? ஏழாவதாக வந்த பெண்தான் கொஞ்சம் துணிச்சலாகச் சிரித்தா. "மழைக்கு நனஞ்சிரும்னு ஏஜென்ட் அண்ணன் வாங்கி வச்சிக்கிட்டாரு, மிஸ். நாங்க நனஞ்சா பரவாயில்லையாம்."

எட்டாவது பெண்

கடைசியாக வந்தவ செல்வமலர். பதுளைப் பக்கத் தோட்டம் ஒன்று. முப்பது வயதுக்கு ஒன்றிரண்டு கூட இருக்கும். அவித்த நண்டின் ஓட்டைப் பிரித்துச் சதையை எடுக்கும் பகுதியில் வேலை. கட்டைவிரல் நகம் பாதிக்கு உடைந்திருந்தது. கொப்பியை எடுக்கவே இல்லை. தொலைபேசியில் ஒரு கடிதத்தின் படத்தைக் காட்டினா. மகள் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்து, பட்டணத்துப் பாடசாலையில் ஆறாம் ஆண்டுக்கு இடம் கிடைத்திருக்கிறது. தோட்டப் பள்ளிக்கூடம் ஐந்தாம் ஆண்டோடு முடிந்துவிடும். தாயோ தகப்பனோ மூல அடையாள அட்டையோடு குறித்த நாளில் நேரில் வர வேண்டும் என்று கடிதம் சொன்னது. தகப்பன் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. பிள்ளை சித்தி வீட்டில். அந்த நாளுக்கு இன்னும் ஆறு கிழமை இருந்தது.

முகவரிடம் அட்டையைக் கேட்டிருக்கிறா. "போனா திரும்பி வரமாட்டே, பேசின காலம் முடியட்டும்" என்றிருக்கிறார். விடுதி வாசலுக்குப் பூட்டு. ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போவதென்றாலும் வார்டனோடு கூட்டமாகத்தான். இதை எழுதலாமா என்று கேட்டேன். எங்கள் விதிப்படி கேட்க வேண்டும். அவ படத்தை விரலால் பெரிதாக்கி, அந்தத் திகதியை ஒருமுறை பார்த்தா. "எழுதுங்க மிஸ். ஆனா நாந்தான்னு தெரியாம எழுதுங்க. உங்களுக்குத்தான் படிப்பு இருக்குல்ல."

பாராட்டு

மூன்று நாள் இருந்து அந்த அறிக்கையை எழுதினேன். பெயர் எங்கேயும் இல்லை. பெயருக்குப் பதிலாக 'தொழிலாளர் 8' என்று போட்டேன். பெயர் தவறி வந்திருக்குமோ என்ற பயத்தில் கணினியில் தேடியும் பார்த்தேன், கண்ணாலும் இரண்டு தரம் வாசித்தேன். எட்டுப் பேரின் அட்டைகளும் முகவரிடம் இருக்கின்றன என்ற ஒரு வரியோடு நிறுத்தியிருக்கலாம். அது போதும், அது எட்டுப் பேருக்கும் பொதுவானது. ஆனால் ஆதாரம் காணாது என்று எனக்குப் பயம். நான் சொல்வதை ஒருவர் நம்ப வேண்டுமென்றால் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு விபரம் கொடுக்க வேண்டும் என்று பழகி வந்தவள் நான். ஆகவே எழுதினேன்: 'தொழிலாளர் 8, நண்டு இறைச்சி பிரிக்கும் பகுதியைச் சேர்ந்தவர். தமது ஒரே மகளை ஆறாம் ஆண்டில் சேர்ப்பதற்குத் தாமே நேரில் செல்ல வேண்டிய நிலையிலும் அட்டை மீளக் கொடுக்கப்படவில்லை.'

அறிக்கை பொருள் வாங்குபவருக்கும் போகும், ஆலைக்கும் போகும். பிழையைத் திருத்த அவர்களுக்குச் சந்தர்ப்பம் கொடுப்பதற்காக அந்த ஏற்பாடு. தயாளன் சேர் இரண்டு இடத்தில் காற்புள்ளியை எடுத்துவிட்டு அனுப்பினார். ஆறு மாதத்தில் அவர் என்னைப் பாராட்டியது அன்றைக்குத்தான். "இப்பிடி விபரத்தோட எழுதிற ஆக்கள் எங்களிட்டக் குறைவு, பிள்ளை. வாங்கிறவன் வாசிச்சா அழுவான்."

தொலைபேசியில் நன்றி

பத்து நாளில் ஆலையின் மனிதவள முகாமையாளர் தொலைபேசியில் வந்தார். பிரதீபன் என்று பெயர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், பண்பாகப் பேசுபவர். அறிக்கைக்கு நன்றி சொன்னார். முகவர் அட்டைகளை வைத்திருந்தது நிர்வாகத்துக்குத் தெரியாது என்றார். முகவர் கொடுத்து வைத்தபடி வார்டனின் அலுமாரிக்குள் எட்டும் இருந்ததாம். கிழமை முடிவதற்குள் எல்லாம் கைக்குப் போய்விடும் என்றார். நான் எழுந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்துச் சைகையால் என்ன என்று கேட்டா. நல்ல செய்தி என்று கையைக் காட்டினேன்.

வைப்பதற்கு முன், தயவாக ஒன்றைச் சொல்வதுபோல அவர் சொன்னார். "அந்த எட்டாம் நம்பரைப் பற்றி நீங்கள் யோசிக்காதேங்கோ, மிஸ். அதுக்குள்ள ஆறாம் ஆண்டுக்குப் போற பிள்ளை இருக்கிறது ஒராளுக்குத்தானே. கூப்பிட்டுக் கதைச்சிட்டம்."

நிழற்படம்

இரண்டு கிழமை கழித்துத் திருத்தத்தைச் சரிபார்க்கப் போனோம். விடுதி வாசலில் பூட்டு இல்லை. பெண்கள் வரிசையாக நின்று, ஒவ்வொருவரும் தங்கள் உண்மையான அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்திருந்தார்கள். அறிக்கைக்குப் படம் தேவை; நான்தான் எடுத்தேன். படத்தில் ஏழு பேர். செல்வமலர் எங்கே என்று கேட்டேன். தன் விருப்பத்தில் விலகிவிட்டதாகப் பிரதீபன் சொல்லி, ஒரு கடிதம் காட்டினார். அழகான தட்டச்சு. கீழே நடுங்கிய கையெழுத்து. அவவின் அட்டை? "கூட்டிக்கொண்டு வந்தவரிட்டையே குடுத்துவிட்டம்."

படிவத்தில் 'விடயம் தீர்க்கப்பட்டது' என்ற கட்டத்தில் அடையாளமிட வேண்டும். பேனையோடு நின்றேன். தண்ணீர்க் குழாயடியில் அந்த ஏழாவது பெண், மழைக்கு நனைவதைப் பற்றிப் பகிடி விட்டவ, கை கழுவிக்கொண்டிருந்தா. கிட்டப் போனேன். இந்த முறை சிரிப்பு இல்லை. "எங்க ஐசி எல்லாம் வந்திருச்சு, மிஸ். இனிமே எங்களப் பத்தி நல்லது எதுவும் எழுதிறாதீங்க."

பட்டியலில் இல்லாத இடம்

அந்த ஞாயிற்றுக்கிழமை என் சொந்த லீவில் முகவரைத் தேடிக் கந்தளாய்க்குப் போனேன். நஸீர் நானா தன் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தார், நான் பஸ்ஸில். தனியாகப் போக விடமாட்டேன் என்று அவர் சொன்னதை வேண்டாமென்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை. முகவர் பட்டணத்தில் போட்டோக் கொப்பிக் கடை வைத்திருந்தார். நான் பயந்து போன மாதிரி ஆள் இல்லை. கதிரை போட்டார், மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பினார், பிளேன்ரீ எடுப்பித்தார். அவர் கொப்பி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த தாள்களிலெல்லாம் குறுக்கே ஒரு கோடு ஓடியது.

செல்வமலர் வேலையோடுதான் இருக்கிறா என்றார். திரியாய்ப் பக்கம் கடற்கரைக் கொட்டில் ஒன்று, கருவாட்டு வாடி; மீன் வெட்டிக் காயப்போடும் வேலை. அட்டை தன்னிடம் பத்திரமாக இருக்கிறது, காலம் முடியக் கொடுப்பேன் என்றார். அப்படி வைத்திருப்பது பிழை என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அந்த வாடிக்கு எங்கள் ஆட்களை அனுப்பிச் சோதிக்கலாம் என்று இல்லாத அதிகாரத்தையும் சேர்த்துச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அந்தக் கருவாடு நம்மட சனம் தின்னுறது, மிஸ். கப்பலில போகாது. கப்பலில போகாத சாமானுக்கு உங்கட கேள்வி வராதுதானே?"

ஒன்பது நாள்

திரும்பி வந்ததும் தொழில் திணைக்கள அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். இந்த முறை பெயர்களோடு. முகவர் பெயர், வாடி இருக்கும் இடம், பாடசாலைக்குப் போக வேண்டிய திகதி, கீழே என் பெயர், என் அடையாள அட்டை இலக்கம். எழுத ஒரு மணித்தியாலம் ஆனது. ஆனால் வேலையில் சேர்ந்தபோது, பரிசோதனையில் அறிந்த எதையும் அனுமதி இல்லாமல் வெளியில் சொல்லமாட்டேன் என்று ஒரு தாளில் ஒப்பமிட்டிருந்தேன். அப்பாவின் முழங்கால் போய், மூட்டை தூக்குவது நின்றுவிட்டது. என் சம்பளத்தில்தான் வீடு. தயாளன் சேருக்கு அனுமதி கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் இல்லை. நினைவூட்டினேன். இல்லை. தினமும் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய், அதே கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தேன். கடித உறையின் மூலை மடிந்துவிட்டது. ஒரு பிழையும் இல்லாமல் செய்ய வேண்டும் என்று காத்திருந்தேன். ஏழாவது நாள்தான் பாடசாலையின் நாள். அன்றைக்கும் காத்திருந்தேன்.

ஒன்பதாவது நாள் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வேலை போனாலும் போகட்டும் என்று தயாளன் சேருக்குத் தொலைபேசி எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், அறிக்கையில் நான் விட்ட பிழையையும். அவர் அந்த வரியைத் தானும் வாசித்துத்தானே அனுப்பியது என்றார். பிறகு, அனுமதி ஏன் தரவில்லை என்று நான் கேட்டதற்கு, ஏச்சு இல்லாத அலுத்த குரலில் பதில் சொன்னார். "நீர் கேட்டா நான் ஏலாது எண்டுதான் சொல்லோணும், அதுதான் பதில் போடேல்லை. குடுத்துப்போட்டு வந்து சொல்லுவீரெண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

பஸ் நிலையம்

கடிதத்தைப் பார்த்த பெண் அதிகாரி மூன்றே நாளில் முகவரையும் வாடிக்காரரையும் கூப்பிட்டுவிட்டா. செல்வமலரின் அட்டை அவவின் கைக்கு வந்தது. இது ஒன்பது நாளைக்கு முதலே நடந்திருக்கக்கூடிய காரியம் என்று அதிகாரி சொல்லவில்லை. நானாகக் கணக்குப் பார்த்துக்கொண்டேன். பதுளைக்குப் போகும் பஸ் வர இன்னும் நேரம் இருந்தது. திருகோணமலை பஸ் நிலையத்துச் சீமெந்து இருக்கையில், மடியில் பையோடு, உப்பில் வெடித்த கைகளோடு அவ இருந்தா. பக்கத்தில் போய் இருந்தேன். வழியில் யோசித்து வைத்திருந்த மன்னிப்பு வசனத்தை விட்டுவிட்டேன். எழுதிய வரியைப் பற்றியும் கைப்பையில் கிடந்த கடிதத்தைப் பற்றியும் உள்ளபடி சொன்னேன்.

அவ கேட்டுக்கொண்டிருந்தா. ஏசவில்லை. சித்தி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாவாம். தாய் வர வேண்டும் என்று சொல்லி மூன்று நாள் தவணை கொடுத்தார்களாம். அதற்குள்ளும் போக முடியவில்லை, இடம் வேறு பிள்ளைக்குப் போய்விட்டது. மற்றப் பள்ளிக்கூடம் இரண்டு பஸ் ஏறிப் போகும் தூரம். மகள் இப்போது வீட்டில் இருக்கிறா. "புத்தகத்துக்கு உறை எல்லாம் போட்டு வச்சிருக்கா" என்றா. நான் அதிபருக்கு எழுதுகிறேன், கல்வி அலுவலகத்துக்கு எழுதுகிறேன் என்று அவசரமாகச் சொன்னேன். எழுதுகிறேன் என்ற சொல்லைக் கேட்டதும் அவவின் கை தானாகப் பையை இறுக்கிப் பிடித்தது.

பஸ் வந்தது. ஏறி, யன்னல் பக்கம் இருந்து, அட்டையை இரவிக்கைக்குள் வைத்திருப்பதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டா. எழுதவா வேண்டாமா என்று கீழே நின்றபடி கேட்டேன். எழுதச் சொன்னா, ஆனால் முதலில் தனக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்றா. அவவின் தொலைபேசி இலக்கத்தைக் குறித்துக்கொண்டேன். இயந்திரம் உறுமத் தொடங்கிய பிறகு தலையை வெளியே நீட்டி இன்னொன்றும் கேட்டா. குத்திக் காட்டும் குரலாக இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும், ஆனால் அவ உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டா. "மிஸ், அடுத்து எந்தக் கம்பெனிக்கெல்லாம் போவீங்கன்னு எனக்குச் சொல்லிருங்க. அங்க வேலைக்குப் போகாமப் பாத்துக்கிறேன்."

கட்டாய வேலையைத் தடுக்கும் இந்த வேலையில் எனக்கு ஒரு வருடம் முடியப்போகிறது. இதுவரை நான் தடுத்ததாக ஆதாரத்தோடு எழுதக்கூடியது, ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போவதை மட்டும்தான்.